பக்கத்தில் இருந்தவர் புகைத்த கஞ்சா நம் முடியில் தெரியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நண்பர்களோடு பாங்காக் போயிருக்கிறீர்கள், நான்கு இரவு ஒரே அறை, அவர்களில் இரண்டு பேர் அறைக்குள்ளேயே கஞ்சா புகைத்திருக்கிறார்கள், ஏசி ஓடியதால் ஜன்னல்கூடத் திறக்கவில்லை, நீங்கள் தொடவே இல்லை. இப்போது கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை கிடைக்கப்போகிறது, அந்த அமெரிக்க நிறுவனம் அடுத்த மாதம் முடிச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, தைப்பூசத்துக்கு உங்களுக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் மொட்டையோடு போய் நின்றால் எதையோ மறைப்பதுபோல ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. "புகைக்காமலே மாட்டிக்கொள்வேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. மற்றவர் விட்ட புகை உங்கள் முடியில் ஒட்டுமா என்பது ஒன்று. ஒட்டும், அதில் சந்தேகமே இல்லை. அப்படி ஒட்டியதை வைத்து ஆய்வகம் உங்களைப் புகைத்தவர் என்று முடிவுகட்டுமா என்பது அடுத்தது. அது அவர்கள் முடியில் எந்தப் பொருளைத் தேடுகிறார்கள், எந்த அளவுக்கு மேல் இருந்தால் 'பாசிட்டிவ்' என்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் தலையெழுத்து இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் நச்சியல் ஆய்வகத்தில் வேதியியலாளராகப் பல வருடம் இருந்தவள். முடியைக் கழுவுவது, பொடியாக்குவது, அதிலிருந்து பொருளைப் பிரித்து எடுத்துக் கருவியில் ஓட்டுவது, வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது, இதெல்லாம் என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி நான் கீழே சொல்வதைப் பொது விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொருள் முடிக்குள் போக மூன்று வழி உண்டு. முடி வேருக்கு வரும் இரத்தத்தின் வழியாக, முடி உருவாகும்போதே உள்ளே சேர்வது முதல் வழி. தலையில் சுரக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் முடியை நனைக்கும்போது அவற்றோடு சேர்வது இரண்டாவது. காற்றில் இருக்கும் புகை, கையில் ஒட்டிய தூள், தலையணை உறை, சீப்பு என்று வெளியிலிருந்து வந்து படிவது மூன்றாவது. முடிச் சோதனை செய்கிறவர்கள் முதல் வழியைத்தான் பிடிக்க நினைக்கிறார்கள். ஆனால் கருவிக்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படி வந்தது என்பதை மனிதர்கள்தான் யோசித்து முடிவு செய்யவேண்டும். தவறு நடக்கிற இடமும் அதுதான்.

கஞ்சாவில் போதை தருகிற பொருள் டிஎச்சி. அது செடியில் இருக்கிறது, புகையில் இருக்கிறது, புகைத்தவர் இரத்தத்திலும் இருக்கிறது. ஆகவே முடியில் டிஎச்சி மட்டும் இருந்தால், அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். அடுத்தது கார்பாக்ஸி டிஎச்சி. டிஎச்சி உடம்புக்குள் போனபிறகு கல்லீரல் அதை மாற்றிச் செய்கிற பொருள் இது, கஞ்சாப் புகையில் கிடையாது. அதனால்தான் ஒழுங்கான ஆய்வகங்கள் கஞ்சாவுக்கு இந்த இரண்டாவது பொருளைத் தேடுகின்றன. சிக்கல் என்னவென்றால், இது முடிக்குள் மிக மிகக் குறைவாகவே போகும். கோக்கெய்ன் போன்றவை முடியின் கருமையோடு நன்றாகப் பிணைந்துகொள்ளும், அமிலத் தன்மையுள்ள கார்பாக்ஸி டிஎச்சிக்கு அந்தக் குணம் இல்லை. (நம்மவர்களுக்குக் கறுப்பு முடி, அதனால் அதிகமாகக் காட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. வேறு சில போதைப்பொருள்களுக்கு அதில் உண்மை இருக்கிறது, கஞ்சா விஷயத்தில் அதைப் பெரிதாக நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.)

எவ்வளவு குறைவு என்பதற்கு எண்ணைச் சொல்கிறேன். முடிச் சோதனை நிபுணர்களின் சர்வதேச அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, டிஎச்சிக்கு ஒரு மில்லிகிராம் முடியில் 0.05 நானோகிராம், கார்பாக்ஸி டிஎச்சிக்கு 0.2 பிக்கோகிராம். அமெரிக்க ஆய்வகங்கள் பின்னதற்கு வழக்கமாக 0.1 பிக்கோகிராம் வரை இறங்கிப் போகின்றன. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. டிஎச்சிக்கான வரம்பைவிட அந்த 0.1 பிக்கோகிராம் 500 மடங்கு சின்ன அளவு. சாதாரணக் கருவியால் இதைப் பார்க்கவே முடியாது, மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் இரட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். எல்லா ஆய்வகமும் இந்த அளவுக்கு இறங்கி அளப்பதில்லை, அதனால்தான் எந்த ஆய்வகம், எந்தப் பொருள் என்ற கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்கிறேன்.

சரி, புகை பற்றி நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 2004இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெட்டி எடுத்த முடியைக் கஞ்சாப் புகையில் வைத்துப் பார்த்தார்கள். டிஎச்சியும் கஞ்சாவின் மற்ற சில பொருள்களும் முடியில் தாராளமாக ஏறியிருந்தன. ஈரமான முடி, பிசுபிசுப்பான முடி, பிளீச் அல்லது பெர்ம் செய்து கெட்டுப்போன முடி ஆகியவை இன்னும் அதிகமாக இழுத்துக்கொண்டன. டிஎச்சி எண்ணெயில் கரையும் பொருள், அதனால் இதில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சோதனை தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையை வைத்துச் செய்தது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம், நிரூபித்த விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் புகையிலிருந்து கார்பாக்ஸி டிஎச்சி முடியில் ஏறாது. புகையில் இல்லாத பொருள், எப்படி ஏறும்?

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் விஷயம் சுலபம்: "கார்பாக்ஸி டிஎச்சி இருந்தால் புகைத்தவர், இல்லாவிட்டால் புகைக்காதவர்." பல வருடம் துறையில் எல்லோரும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். 2015இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதை ஆட்டிவிட்டது. தன்னார்வலர்களுக்குத் தினமும் டிஎச்சியை வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது, முடியில் டிஎச்சி தெரியவே இல்லை. அதாவது முடியில் நாம் பார்க்கிற டிஎச்சியில் பெரும்பகுதி இரத்தம் வழியாக வருவது இல்லை, வெளியிலிருந்து படிவது. புகைப்பவர்களுக்கே அப்படித்தான், அவர்கள் கையிலும் சூழலிலும் இருப்பதுதான் அவர்கள் முடிக்கும் போகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். கஞ்சா பயன்படுத்துகிறவரின் வியர்வையிலும் தோல் பசையிலும் கார்பாக்ஸி டிஎச்சியும் இருக்கிறது, ஆகவே அவர் கை பட்டு, நெருங்கிப் பழகி, அது இன்னொருவர் முடிக்கு மாற வாய்ப்பு இருக்கிறது. பெற்றோர் கஞ்சா பயன்படுத்துகிற வீட்டுக் குழந்தைகளின் முடி விஷயத்தில் இது மிக முக்கியமானது, ஏனென்றால் தலையைத் தடவிக் கொடுக்கிற கை தினமும் அந்தக் கைதான்.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகம் உள்ளதையும் பிரித்துச் சொல்கிறேன். டிஎச்சி மட்டும் இருப்பது புகைத்ததற்கு ஆதாரம் ஆகாது, இது உறுதி. வெறும் புகையால் முடியில் கார்பாக்ஸி டிஎச்சி படியாது, இதுவும் உறுதி. புகை நிறைந்த அறையில் மூச்சு விட்டதால் உங்கள் உடம்புக்குள் கொஞ்சம் டிஎச்சி போய், கல்லீரல் அதை மாற்றி, அது முடி வேர்வரை வந்து, 0.1 பிக்கோகிராமைத் தாண்டுமா? கிட்டத்தட்ட நடக்காது என்பது என் கருத்து. காரணம், தாமே புகைப்பவர்களில்கூட, தினசரி இல்லாமல் எப்போதாவது புகைப்பவர்களில் பலருக்கு முடிச் சோதனை ஒன்றும் காட்டுவதில்லை. உள்ளே இழுத்தவருக்கே தெரியாத அளவு, பக்கத்தில் நான்கு இரவு இருந்தவருக்குத் தெரிவது அரிது. சந்தேகம் எஞ்சியிருப்பது அந்த வியர்வை, தலையணை, துண்டு வழியில்தான். ஒரே கட்டிலில் படுத்தீர்களா, ஒரே துண்டை, தொப்பியைப் பயன்படுத்தினீர்களா என்பது எனக்குத் தெரிந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். அப்படி இருந்தாலும் நான்கு நாள் பழக்கம், தினமும் நடப்பது போன்றது இல்லை.

ஆய்வகம் முடியைக் கழுவித்தானே சோதிக்கிறது என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், டைகுளோரோமீத்தேன் மாதிரியான கரைப்பான்களில் கழுவுவோம், நல்ல ஆய்வகம் அந்தக் கழுவிய திரவத்தையும் தனியாகச் சோதிக்கும். திரவத்தில் நிறைய இருந்தால் மேலே படிந்தது அதிகம் என்று ஒரு குறிப்பு கிடைக்கும். ஆனால் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நம்பாதீர்கள். துணியில் ஏறிய மஞ்சள் கறை போல, வியர்வையும் ஈரமும் சேரும்போது மேலே படிந்தது உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எந்தக் கழுவலும் அதை முழுக்க எடுக்காது. நீளவாக்கில் துண்டு துண்டாக வெட்டிச் சோதிப்பது சில நேரம் உதவும். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, இரத்தம் வழியாக வந்தது அந்தக் காலத்துக்குரிய பகுதியில் கூடுதலாக இருக்கும், புகை அப்போது தலையில் இருந்த முடி முழுவதும் பரவலாகப் படியும். ஆனால் வேலைக்கான சோதனையில் யாரும் அப்படி வெட்டிப் பார்ப்பதில்லை, வேர்ப்பக்கம் சுமார் 3.9 செ.மீ., அதாவது மாதம் 1.3 செ.மீ. என்று வைத்து மூன்று மாதக் கணக்கு, மொத்தமாக ஒரே சோதனை.

முதல்கட்ட வடிகட்டும் சோதனையை மட்டும் வைத்து யாரையும் முடிவுகட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டொராண்டோவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இயங்கிய மதரிஸ்க் ஆய்வகம், உறுதிப்படுத்தும் சோதனை இல்லாமலே முடி முடிவுகளைக் கொடுத்துவந்தது. அவற்றை நீதிமன்றங்கள் நம்பின, பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த வழக்குகளில் அவை ஆதாரமாகப் போயின. 2005 முதல் 2015 வரையிலான அந்த வேலை போதுமானதாகவும் நம்பத்தக்கதாகவும் இல்லை என்று ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங்கின் விசாரணை 2015 இறுதியில் சொன்னது. பிரிந்த குடும்பங்களுக்கு அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்கவேண்டிய அறிக்கை அது. அமெரிக்க அரசும் தன் ஊழியர்களுக்கு முடிச் சோதனை கொண்டுவர 2020 செப்டம்பரில் வரைவு விதி வெளியிட்டபோது, முடி பாசிட்டிவ் என்றால் அது மட்டும் போதாது, சிறுநீர் அல்லது எச்சில் மாதிரியும் வேண்டும் என்றே எழுதியது.

சிறுநீர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் திரும்பி வரும்போது சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் 2015இல் வந்தன. காற்றோட்டமே இல்லாத அறையில் புகைக்காதவர்களுக்கும் இலேசான போதை இருந்தது, ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற வழக்கமான வரம்பை ஒருவர் சிறுநீர் சில மணி நேரத்துக்குள் தாண்டியது. காற்றோட்டம் இருந்த அறையில் யாருக்கும் தாண்டவில்லை. ஆகவே அடைத்த அறையிலிருந்து நேராக விமான நிலையம் போனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

நம் ஊர்ச் சட்டத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததும், 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியதும் நமக்கு எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது. உட்கொண்ட குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், அல்லது மறுவாழ்வு நிலையத்துக்கோ கண்காணிப்புக்கோ அனுப்பலாம். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவான சிஎன்பியின் அதிகாரிகள் சிறுநீரோடு முடி மாதிரியும் கேட்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது, நியாயமான காரணமின்றி மறுப்பதே குற்றம். உங்கள் நிறுவனம் செய்வது வேறு, அது வேலைக்கான சோதனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நிறுவனத்தின் முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் பதிவில் இல்லாத ஒன்றை நான் கேட்டே ஆகவேண்டும். அந்த அறையில் அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட், பிரௌனி, மிட்டாய், பானம் எதையாவது சாப்பிட்டீர்களா? பாங்காக்கில் கஞ்சா கலந்த தின்பண்டம் பார்ப்பதற்குச் சாதாரணத் தின்பண்டம் போலவே இருக்கும். தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் கல்லீரல் தன் வேலையைச் செய்யும், கார்பாக்ஸி டிஎச்சி உருவாகும், நான் மேலே எழுதிய ஆறுதல் எதுவும் அதற்குப் பொருந்தாது. அந்த நண்பர்களிடம் இதை நேராகக் கேளுங்கள், இன்றைக்கே. அப்படியே உங்கள் பையையும் உதறிப் பாருங்கள், அவர்கள் பொருள் ஏதாவது உங்கள் பையில் இருப்பது முடியில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஆபத்து.

இனி செய்யவேண்டியது. எந்தத் தேதியில், எந்த அறையில், யார் யாரோடு இருந்தீர்கள், அறையில் என்ன நடந்தது என்று நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள், ஹோட்டல் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேளுங்கள்: கஞ்சாவுக்கு எந்தப் பொருளை அளக்கிறார்கள், உறுதிப்படுத்தும் சோதனை உண்டா, முடிவை மருத்துவர் ஒருவர் உங்களோடு பேசிய பிறகு இறுதி செய்வாரா. இதைக் கேட்பது உங்கள் உரிமை, குற்றவாளிதான் இப்படிக் கேட்பான் என்று நினைக்கிற அளவுக்கு இந்தத் துறையில் இருப்பவர்கள் சின்னப்பிள்ளைகள் இல்லை. அமெரிக்க ஆய்வகம் என்பதால் கார்பாக்ஸி டிஎச்சியைத்தான் அளப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன், அது உங்களுக்கு நல்லது.

முடியை ஒன்றும் செய்யாதீர்கள். வழக்கமான ஷாம்பு போட்டுக் குளியுங்கள், மேலே படிந்தது குளிக்கக் குளிக்கக் குறையும். இணையத்தில் விற்கிற 'டீடாக்ஸ்' ஷாம்பு, பிளீச், சாயம் எதுவும் வேண்டாம். கெட்டுப்போன முடி வெளிப்பொருளை இன்னும் அதிகமாக ஏற்கும், தவிர மாதிரி எடுக்கிறவர் அதைப் பார்த்ததும் குறித்துவைப்பார், இல்லாத சந்தேகத்தை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

மொட்டை விஷயம்: அம்மாவின் வேண்டுதலை விடச் சொல்லமாட்டேன். ஆனால் சோதனைக்கு முன்னால் போடாதீர்கள். தலையில் முடி இல்லையென்றால் மார்பு, அக்குள், கால் என்று உடம்பு முடியை எடுப்பார்கள். அது வளரும் வேகமும் உதிரும் கணக்கும் வேறு, அதை வைத்துக் காலத்தைச் சொல்லவே முடியாது, சில நேரம் ஒரு வருடம் வரை பின்னோக்கிக் காட்டும். இன்றைக்கே அவர்களிடம் தைப்பூசத் தேதியைச் சொல்லி, அதற்கு முன் மாதிரி எடுக்க நாள் கேளுங்கள். சிங்கப்பூரில் இந்தக் காரணத்தை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை, வெளிநாட்டு அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும். உச்சிக்குப் பின்புறம் பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து, தோலை ஒட்டி வெட்டுவார்கள், மொட்டை போட்ட பிறகு அந்த இடமும் தெரியாது. வெட்டும்போது வேர்ப்பக்கம் எது என்று குறிக்கிறார்களா, உறையை உங்கள் கண்முன் ஒட்டி முத்திரையிடுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுசோதனை வேண்டியிருந்தால் மிச்ச முடி இருக்குமா என்றும் அப்போதே கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாக வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள்.